காலில் சின்னக் காயம்

எங்கள் ஊரில் ஒருவரும் தொலைபேசியில் சாவதில்லை. முதலில் அவருக்குக் கொஞ்சம் சுகமில்லாமல் வரும். அரை மணித்தியாலம் கழித்து வருத்தம் கடுமையாகும். பிறகு, எதற்கும் ஒருக்கால் வெளிக்கிட்டு வாங்கோ என்பார்கள். விழுந்தடித்துக்கொண்டு போய் இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருக்கும். சொன்னவரைக் கோபித்துப் பயனில்லை. அவருக்கும் முன்னொரு நாள் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

என் மாமனார் பாலசிங்கத்துக்கு இது நன்றாகவே தெரியும். அவருடைய மூத்த மகன் சுதன், நான் இந்த வீட்டுக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பு, வவுனியாவில் பஸ் பிரண்டு செத்துப்போனவர். அன்றைக்கு வந்த செய்தி, கால் முறிந்துவிட்டது என்பதுதான். மாமா ஒரு சாரத்தையும் துவாயையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் பையில் வைத்துக்கொண்டு எங்கள் இறுப்பிட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்கள் அவரை வார்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பையை அவர் அப்படியே திரும்பக் கொண்டுவந்ததை மாமி எனக்கு ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சுவிசிலிருந்து தம்பிஐயா அண்ணை மாமாவுக்கு ஃபோன் எடுத்தார். அவரும் இறுப்பிட்டி ஆள்தான். என் கணவர் நிரோஜன் அவருடைய அறையில்தான் தங்கியிருக்கிறார், அவர் சமைக்கும் ஹோட்டலில்தான் கோப்பை கழுவுகிறார். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஃபோன் எப்போதும் சத்தமாகவே பேசும். எல்லாருக்கும் கேட்டது.

“தம்பிக்குக் காலில சின்னக் காயம். ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம். பயப்பட ஒண்டுமில்லை. அக்காவுக்கு இப்ப சொல்லாதேங்கோ.”

அக்கா என்றால் என் மாமியார் சறோஜினிதேவி. அவர் குசினி வாசலில் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மாமா சோற்றுக் கோப்பைக்குள்ளேயே கையைக் கழுவினார். சுவரைப் பார்த்து, “அவனும் போயிட்டான்” என்றார். மாமி சட்டியைக் கவனமாக நிலத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கத்தத் தொடங்கினார்.

நான் நிரோஜனின் மனைவி, கம்சிகா. பிறந்த இடம் சரவணை, வாழ்க்கைப்பட்ட இடம் இறுப்பிட்டி, வாழ்வது வாட்ஸ்அப்பில். முந்தின வருடம் அவர் ஒரு மாத லீவில் வந்தார், தாலி கட்டினார், விருந்துகளுக்குப் போனோம், எல்லா வீட்டிலும் கணவாய்க் கறி சாப்பிட்டோம், அவர் திரும்பிப் போய்விட்டார். நான் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, படித்துச் சோதனை பாஸ் பண்ணினால்தான் விசா வரும். அதற்காகக் கிழமையில் மூன்று நாள் தீவிலிருந்து பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய் வருகிறேன். பஸ்ஸில் இருந்து வினைச்சொல் பாடமாக்குகிற எனக்கு, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து இடம் விடுவார்கள்.

அவருடைய ஹோட்டல் மலைப் பூங்கா ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. மாரிக் குளிரில் அங்கே வருகிற சனத்தை ஒரு வழிகாட்டி பனிக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வருவாராம். அதற்கென்று காலணி இருக்கிறது. பனிச்சப்பாத்து என்று நிரோஜன் பெயர் வைத்திருந்தார். அகலமான பிளாஸ்டிக் தட்டு, அடியில் பல்லுகள், மேலே வார். பூட்ஸுக்குக் கீழே சுளகைக் கட்டினதுபோல இருக்கும். அதைக் கட்டினால் கால் புதையாமல் நடக்கலாமாம். திங்கட்கிழமை ஹோட்டலில் ஆட்கள் இல்லை என்று முதலாளி வேலைக்காரரையும் அந்த நடைக்கு அனுப்பப் போகிறார் என்றும், தானும் போகிறேன் என்றும் நிரோஜன் ஞாயிற்றுக்கிழமை சொன்னார். ஹோட்டல் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் படம் எடுத்து அனுப்பி, உமக்கு வீட்டுப்பாடம், வாசித்துப் பாரும் என்றார். மாமி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்துக் குளிருக்குள் நடக்கிற வேலையற்ற சனம் என்று சொன்னார். அது ஞாயிற்றுக்கிழமை.

செவ்வாய்க்கிழமை நான் தம்பிஐயா அண்ணைக்குத் திரும்பத் திரும்ப எடுத்தேன். மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை. ஹோட்டல் குசினிக்குள் ஃபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை. நிரோஜனின் ஃபோனோ அடிக்கவேயில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பின்னேரம் ஆவதற்கு முன்பு முற்றத்தில் பந்தலுக்குத் தறப்பாள் கட்டியாயிற்று. வாசிகசாலையிலிருந்து கதிரைகள் வந்தன. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு அஞ்சலா அக்கா வாளியில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். உடல் எப்போது வரும், வருமா, அங்கேயே எரிப்பார்களா, வந்தால் விமானநிலையத்துக்கு யார் போவது என்று ஆம்பிளைகள் பந்தலுக்குள் பேசினார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் அறைக்குள் பாயில் இருந்தேன். வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய கண்ணீர் என் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. நான் அழவில்லை. அடக்கிக்கொண்டு இருக்கவில்லை, வரவில்லை. உள்ளே கை விட்டுத் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது ஃபோனில் தெரிகிற முகம், நெற்றி பெரிதாய், நாடி இல்லாமல். கலியாண மாதத்தில் பக்கத்தில் படுத்திருந்த முகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது வரவில்லை. வந்திருந்தவர்களில் ஒருத்தி மற்றவளிடம், பிள்ளை கல்லுமாதிரி இருக்குது, அழப்பண்ணுங்கோ, இல்லாட்டில் மூளைக்கு அடிக்கும் என்று சொன்னாள். அவர்கள் அதற்கான முயற்சியில் இறங்கினார்கள்.

அப்போதுதான் கனடாவில் இருக்கிற மாமாவின் தங்கை மகள் மரண அறிவித்தலை இணையத்தில் போட்டாள். என்ன வேகம். இறுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் சுவிஸை வதிவிடமாகவும் கொண்ட பாலசிங்கம் நிரோஜன் அவர்கள் திங்கட்கிழமை காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், கம்சிகாவின் பாசமிகு கணவரும் ஆவார். எங்கள் கலியாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டிருந்தாள். வெட்டினது சரியில்லை. அவருடைய கைமுட்டில் என் நாலு விரல்களும் ஒரு காப்பும் மிச்சமாக இருந்தன. கீழே ஆழ்ந்த இரங்கல்கள் வரத் தொடங்கிவிட்டன. நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் கை என்று தெரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

ஃபோன் கையில் இருந்தபடியால் நிரோஜனின் வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த வீட்டுப்பாடம் அங்கே இருந்தது. பனிக்காடு, வரிசையாக ஆட்கள், முன்னால் சிவப்பு ஜக்கெற் போட்ட ஒரு மனுசி. கீழே வழிகாட்டியின் பெயர் ரெகுலா, அவருடைய தொலைபேசி எண். கிணற்றடிக்குப் போகிறேன் என்று சொல்லி எழும்பினேன். அங்கே நின்று அந்த எண்ணுக்கு எடுத்தேன்.

என் டொச் புத்தகத்தில் ஸ்டேசன் எங்கே என்று கேட்கத் தெரியும், பாண் என்ன விலை என்று கேட்கத் தெரியும். புருசன் செத்துவிட்டாரா என்று கேட்கிற பாடம் இன்னும் வரவில்லை. என் பெயர் இது, நான் இலங்கை, நிரோஜனின் மனைவி, அவர் இறந்தாரா என்று கேட்டேன்.  அந்த மனுசி, இல்லை, ஏன் என்று கேட்டார்.

திரும்பவும் கேட்டேன். அவர் டொச்சை மெல்ல மெல்ல உடைத்து, இடையிடையே இங்கிலீசும் போட்டுச் சொன்னார். காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். நிரோஜன் பாணும் ஜாமும் சாப்பிட்டாராம், தேத்தண்ணீருக்குச் சீனி போதாது என்று இன்னும் வாங்கிப் போட்டாராம். அதைக் கேட்டதும் நான் நம்பினேன். சாகக் கிடந்தாலும் அந்த மனிதர் சீனி கேட்பார் என்ற அளவுக்கு எனக்கு அவரைத் தெரியும்.

நடந்ததையும் சொன்னார். எட்டுப் பேர் ஒருவர் பின்னால் ஒருவராக, அவர் முன்னால் பனியை மிதித்துப் பாதை போட, அந்தத் தடத்திலேயே மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். வெளிக்கிட முன்பு எல்லாரிடமும் பூட்ஸ் அளவா என்று கேட்டாராம். நிரோஜன் அளவு என்றாராம். கழற்றிப் பார்த்தபோதுதான் அது ஒரு சைஸ் சின்னது என்று தெரிந்ததாம். வழியில் பனிக்குக் கீழே ஒரு நீரோடை ஒளிந்து கிடந்திருக்கிறது. நிரோஜனின் ஒரு கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போயிற்று. தண்ணீர் போனதா என்று கேட்டதற்கு இல்லை என்றாராம். சாப்பிட நின்ற இடத்தில், எல்லாரும் கால்விரலை அசைத்துப் பாருங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டபோது சிரித்துக்கொண்டு கைப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாராம். பின்னேரம் இறங்கி வரும்போது பனிக்குள் இருந்துவிட்டார், எழும்பவில்லை, பேச்சுக் குழறியது. பூட்ஸைக் கழற்றினால் விரல்கள் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. ஹெலிகொப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. இரண்டு விரல், சிலவேளை மூன்று, எடுக்கவேண்டி வரும்.

நான் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அவர் சிரித்தார் என்று சொல்லும்போது அந்த மனுசியின் குரல் உடைந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதைச் சொல்ல டொச் இல்லை. தமிழிலும் இல்லையோ தெரியாது. பூட்ஸ் இறுக்கம் என்றால் யாரோ ஒருவர் போய் வேறு சோடி தேடவேண்டும். கால் நனைந்தது என்றால் தன் ஒருவனுக்காக எட்டுப் பேரும் திரும்பவேண்டும். கோப்பை கழுவ வந்தவனுக்காக இவ்வளவு பேரை மினக்கெடுத்துவதா? எப்படி இருக்கிறீர் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் எங்கள் எல்லாரையும் வளர்த்திருக்கிறார்கள். அவர் மரியாதையாக நடந்துகொள்வதாக நினைத்திருப்பார். எனக்கு அவர்மீது ஆத்திரம் வந்திருக்கவேண்டும், அல்லது சந்தோசம். இரண்டும் வரவில்லை. புருசன் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கிணற்றடியில் சும்மா நிற்கிற என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

பந்தலுக்குள் போய் மாமாவிடம் சொன்னேன்.  மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“பிள்ளை, உமக்கும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

அவர் வெள்ளைக்காரி, அவருக்கு எங்கட பழக்கம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தம்பிஐயா சொல்லிக் கொடுத்திருப்பான் என்றார் மாமா. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சீனி கேட்டதையும் சொன்னேன். அதைச் சொன்னதுதான் பிழை. பெண்கள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள், பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று அஞ்சலா அக்கா என் தலையில் தேசிக்காய் தேய்த்தார்.

மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு என் ஃபோனுக்கு வீடியோ கோல் வந்தது. தம்பிஐயா அண்ணை காலை வேலை முடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன்னுடைய ஃபோனில் எடுத்தார். செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அறிந்து மனுசன் நடுங்கிப்போயிருந்தார். திரையில் நிரோஜன் வந்தார். மாமி ஃபோனைப் பறித்து முத்தம் கொடுத்து, அதில் முகத்தைத் தேய்த்து, எங்கேயோ அமத்திக் கோலை இரண்டு தடவை வெட்டினார். முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

மாமா மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. ஃபோன் அவரிடம் வந்தபோது கிட்டப் பிடித்து மகனின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். காலைக் காட்டு என்றார். நிரோஜன், ஒன்றுமில்லை அப்பா, சின்னக் காயம், பெரிய கட்டாய்க் கட்டியிருக்கினம், பார்க்க வடிவில்லை என்று சிரித்துச் சமாளித்தார். காலைக் காட்டவில்லை. மாமா ஃபோனைத் திருப்பித் தந்தார்.

“கடுமைபோல கிடக்கு” என்று பந்தலைப் பார்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான். எழும்பி நின்றவர்கள் திரும்ப இருந்தார்கள். முகத்தைக் காட்டி அனுப்புகிறார்கள், கடைசியாகப் பார்க்கட்டும் என்று பந்தலுக்குள் பேசிக்கொண்டார்கள். நிரோஜன் செத்தவரிலிருந்து சாகக்கிடப்பவராக ஒரு படி இறங்கினார், அதற்கு மேல் முன்னேற்றம் இல்லை. கனடாக்காரி மாமாவுக்கு ஃபோன் எடுத்து, அறிவித்தலை எடுக்கட்டோ விடட்டோ என்று கேட்டாள். ஒருநாள் பொறு என்றார் மாமா. தறப்பாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கதிரைகளை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் ஃபோனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தும் சிரித்தார். ரெகுலாவுக்குக் காட்டிய சிரிப்பு இதுவாகத்தான் இருக்கவேண்டும். பயந்திட்டீரோ என்று கேட்டார். மரண அறிவித்தலைத் தானும் பார்த்தாராம், படம் நல்லாய் இருக்காம், உம்மைத்தான் வெட்டிப்போட்டாள் என்று பகிடி விட்டார். கால் நோகுதோ என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

அந்தச் சொல்லை இரண்டு நாளாகத் தின்று சலித்துப்போயிருந்தேன்.

“நான் அழேல்லை” என்றேன். “நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு எல்லாரும் அழுதவை. எனக்கு வரேல்லை. உயிரோட இருக்கிறீங்கள் எண்டு கேட்டாப்பிறகும் ஒண்டும் வரேல்லை. உங்கட முகத்தை நினைச்சுப் பாத்தனான், ஃபோனில வாறதுதான் வந்தது. அழுற அளவுக்கு எனக்கு உங்களைத் தெரியாது.”

சிரிப்பு நின்றது. ஃபோன் அவருடைய கையிலிருந்து இறங்கியது. திரையில் ஆஸ்பத்திரிக் கூரை மட்டும் தெரிந்தது, ஒரே வெள்ளை. கோல் வெட்டுப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன். நான் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் விரும்பவில்லை.

“நானும் உம்மட முகத்தை நினைக்கப் பாத்தனான் கம்சி” என்று கூரையிலிருந்து குரல் வந்தது. “பனிக்குள்ள இருக்கேக்க. வரேல்லை. ஒரு ஆளின்ரை முகமும் வரேல்லை. எனக்குச் சரியான பயமாக் கிடந்தது.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிருக்குள், ஒருத்தருடைய முகமும் இல்லாமல் அந்த மனிதர் தனியே இருந்திருக்கிறார். என் முகத்தைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை.  வடிவாக, மூக்குத் துடைத்து அழுகிற அழுகை இல்லை. வாயைத் திறந்து, மாடு கத்துவதுபோலக் கத்தினேன். கல்லுமாதிரி இருந்தவளின் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது.

வெளியில் கதிரைகள் சரிந்தன. முடிஞ்சுதோ என்று யாரோ கேட்டார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு மாமி வந்தார், அவருக்குப் பின்னால் அஞ்சலா அக்கா, அவருக்குப் பின்னால் ஊர். மாமி ஃபோனைப் பறித்தார். அதில் கூரை மட்டும் தெரிந்தது. நிரோ, நிரோ என்று கூப்பிட்டார். முகம் திரைக்குள் திரும்ப வந்தது. அழுது வீங்கிய முகம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“நோகுது அம்மா” என்றார். “தாங்க ஏலாமக் கிடக்கு. இரா முழுக்க நித்திரை இல்லை. விரல் வெட்டப்போகினமாம்.”

மாமி என் பக்கத்தில் பாயில் இருந்துவிட்டார். ஃபோனுக்குள் நிரோஜன் சின்னப் பிள்ளைபோல, நோகுது, நோகுது என்று அழுதுகொண்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் விலகி மாமாவுக்கு வழி விட்டார்கள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு, மந்தமான காதைத் திருப்பி, அந்த அழுகையை நெடுநேரம் கேட்டார்.

“நோகுதெண்டு சொல்லுறான்” என்றார் ஒருவரையும் பார்க்காமல்.

பிறகு வெளியே போய், தறப்பாள் கயிற்றின் முதல் முடிச்சை அவரே அவிழ்த்தார்.